ஜெர்மன்காரர் நிஜமாகவே அழுதார்

ஜெர்மன் எல்லைக்கு இந்தப் பக்கம், நோவி தோமிஷ்ல் ஊரில் ரோமன் விற்ற பழைய கார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ஜாதகம்தான். ஜெர்மனியில் ஓய்வுபெற்ற ஒரு டாக்டரம்மா வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மட்டும் போய்வந்தது. மழையைக் கண்ணால் பார்த்ததில்லை. விற்கும்போது சொந்தக்காரர் அழுதார். எந்த வண்டியின் மீட்டரைப் பார்த்தாலும் ஒரு லட்சத்து எழுபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்காது. தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வது அவருடைய கூட்டாளி வீஷெக்கின் வேலை. மடிக்கணினியிலிருந்து ஒரு வயரை வண்டிக்குள் சொருகிவிட்டு, ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் இரண்டு லட்சம் கிலோமீட்டரை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிடுவான்.

வாங்க வருகிறவர்களும் பச்சைக் குழந்தைகள் இல்லை. ‘ஜெர்மன்காரர் அழுதார்’ என்றால் கதை முடிந்தது, இனி விலையைப் பேசலாம் என்று அர்த்தம். எதிரில் வருகிறவரைப் பார்த்து ‘சௌக்கியமா’ என்று கேட்பதைப் போலத்தான் அது. யாரும் அதை நம்புவதும் இல்லை, அதற்காகக் கோபித்துக்கொள்வதும் இல்லை.

ஊர் நம்பாதது பற்றி ரோமனுக்கு ஒரு கவலையும் கிடையாது. பெற்ற மகள் மால்வினா நம்பவில்லை என்பதுதான் அவரை உறுத்தியது. நர்ஸ் படிப்பை முடித்தவளுக்குக் காலிஷ் நகர ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தது. ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் பஸ் இல்லை. கார் இல்லாமல் முடியாது.

“கார் வேணும்னா அப்பன் கடை இருக்கேடி. நான் என்ன இல்லேன்னா சொன்னேன்?”

“உன் கடை வண்டியில ஏறினா நான் நர்ஸா போகமாட்டேன்பா, பேஷன்ட்டாதான் போவேன்.”

“அப்ப யாருகிட்ட வாங்கப்போற?”

“எதிர்க்கடை ஸெனன் அங்கிள்கிட்ட. அந்தச் சிவப்பு வண்டி. சனிக்கிழமை முன்பணம் குடுக்கறேன்.”

அந்தச் சிவப்பு வண்டியின் பிறப்பு வளர்ப்பு முழுவதும் ரோமனுக்குத் தெரியும். முன்பாதி ஒரு விபத்திலிருந்து வந்தது, பின்பாதி வேறொரு விபத்திலிருந்து. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது கொஞ்சம் வெல்டிங், மீதி சிவப்புப் பெயின்ட்.

“அது ரெண்டு வண்டிடி! நடுவுல ஒட்டவெச்சது!”

“உனக்கெப்படித் தெரியும்?”

“பின்பாதிய அவனுக்கு வித்தவனே நான்தானே!”

“தொழில் பொறாமை வந்தா நீ என்ன வேணாலும் சொல்லுவ” என்று சொல்லிவிட்டு மால்வினா போய்விட்டாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக, ரோமன் ஒரு நல்ல கார் வாங்குவதற்காக ஜெர்மனிக்குப் புறப்பட்டார்.

காட்புஸ் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் அது கிடைத்தது. வெள்ளி நிற கோல்ஃப் கார். ஒரே சொந்தக்காரர், டீடெமன் என்ற ஓய்வுபெற்ற வாத்தியார். அறுபத்தோராயிரம் கிலோமீட்டர். ரோமன் தன் வழக்கப்படி பெடல் ரப்பரைப் பார்த்தார், சீட்டின் ஓரத்தைத் தடவினார், ஸ்டியரிங்கை முகர்ந்துகூடப் பார்த்தார். திருடனுக்குத்தானே இன்னொரு திருடன் கை வைத்த இடம் தெரியும்? ஒருவரும் கை வைக்கவில்லை. அத்தனையும் உண்மை. அவருக்கு லேசாக வெட்கமாகக்கூட இருந்தது.

ரோமனுக்குத் தெரிந்த ஜெர்மன் மொத்தம் மூன்று கேள்விகள்: எவ்வளவு, கடைசி விலை என்ன, எங்கேயாவது இடித்ததா. டீடெமனுக்குப் பார்வை மங்கிவிட்டது, இனி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள் என்பதைக் கண்ணைத் தொட்டுக் காட்டியதிலிருந்து புரிந்துகொண்டார். இனி யார் ஓட்டப்போகிறார்கள் என்று கிழவர் சைகையில் கேட்டார். ரோமன் தட்டுத்தடுமாறி ‘மகள், நர்ஸ்’ என்றார். கிழவர் உள்ளே போய் ஒரு கம்பளியைக் கொண்டுவந்து பின்சீட்டில் மடித்துவைத்தார். எலுமிச்சை மிட்டாய் டப்பா ஒன்றை டாஷ்போர்டு அறைக்குள் வைத்தார். பிறகு பானெட்டின் மேல் கை வைத்தபடி அப்படியே நின்றார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

இருபது வருடமாகத் தன் வாயால் ஜெர்மனி முழுவதையும் அழவைத்த ரோமனுக்கு, நேரில் ஒருவர் அழுதபோது என்ன செய்வதென்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு அவரும் பக்கத்தில் நின்றார்.

தற்காலிக நம்பர் பலகையை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஆளில்லாத பழைய எல்லைச் சாவடியை எப்போதும் நூற்று நாற்பதில் தாண்டுகிறவர், அன்று லாரிகளெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டத் திட்ட எண்பதிலேயே போனார். மற்ற நாளில் ஒரு கையில் சாஸேஜும் மறு கையில் ஸ்டியரிங்குமாக ஓட்டுகிற மனிதர், வண்டியை ஓரம்கட்டி, இறங்கி, சாரல் மழையில் நின்று சாப்பிட்டார். சீட்டில் கடுகுச் சாஸ் சிந்திவிடக் கூடாதே! வழியெல்லாம் மகள் முகம் எப்படி மலரும் என்று நினைத்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

மால்வினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றிவந்தாள்.

“எவ்வளவு ஓடியிருக்கு?”

“அறுபத்தோராயிரம்.”

“ஓஹோ. ஒரே சொந்தக்காரர்?”

“ஆமா. ரிட்டையர்டு வாத்தியார்.”

“தேவாலயத்துக்கு மட்டும்தான் ஓட்டினாராக்கும்?”

“அதோட மார்க்கெட்டுக்கும்.”

“விக்கும்போது அழுதாரா?”

இல்லை என்று சொன்னால் அது பொய். ஆமாம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

“அழுதாரும்மா. சத்தியமா அழுதாரு.”

மால்வினா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. “மத்தவங்களை ஏமாத்து, அது உன் தொழில். என்கிட்டயுமாப்பா?” என்றாள். “நாளைக்கு ஸெனன் அங்கிள்கிட்ட போறேன்.”

அன்று சாயங்காலமே ரோமன் வீஷெக்கின் ஷெட்டுக்கு வண்டியைக் கொண்டுபோனார்.

“எவ்வளவு குறைக்கணும்ணே?”

“குறைக்கவேணாம். ஏத்து.”

“என்னது?”

“ரெண்டு லட்சத்துப் பதிமூணாயிரம் வை.”

வீஷெக்கின் வாயிலிருந்த சிகரெட் கீழே விழுந்தது. “அண்ணே, உடம்புக்கு ஏதும் சரியில்லையா? இந்தத் தொழில்ல மீட்டரை ஏத்தினவன் எவனும் இல்லண்ணே. கேள்விப்பட்டா ஊரே வழிச்சுக்கிட்டுச் சிரிக்கும்.”

“வாயை மூடிட்டு ஏத்துடா. அப்புறம் அந்தச் சுத்தியலை இங்க குடு.”

பின்கதவின் முன்னால் சுத்தியலோடு நின்றார். இரண்டு தடவை ஓங்கினார், இரண்டு தடவையும் கை இறங்கவில்லை. கிழவர் கை வைத்து நின்றதுதான் கண்ணுக்குள் வந்தது. கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரே போடு போட்டார்.

வீஷெக் எட்டிப்பார்த்தான். “என்னண்ணே, அழறீங்களா?”

“பெயின்ட் தூசுடா” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை மகள் கிளம்புவதற்கு முன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“நேத்து சொன்னது அத்தனையும் பொய்ம்மா. ரெண்டு லட்சத்துப் பதிமூணாயிரம் ஓடின வண்டி. மீட்டரைக் குறைச்சது நான்தான், திரும்ப நிஜத்தையே வெச்சுட்டேன். கதவுல ஒரு அடி வாங்கியிருக்கு, பட்டி பூசி மறைச்சிருந்தேன், அதையும் சுரண்டிட்டேன். வந்து பாரு. ஆனா நல்லா ஓடும். அது மட்டும் நிஜம்.”

மால்வினா நெளிந்த கதவைப் பார்த்தாள். மீட்டரைப் பார்த்தாள். அப்பாவின் சிவந்த கண்களைப் பார்த்தாள். அப்புறம் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கட்டிக்கொண்ட மாதிரி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“இதைத்தான்பா நான் கேட்டேன். நல்ல வண்டியா கேட்டேன்? நிஜத்தைத்தானே கேட்டேன்.”

கிறிஸ்துமஸுக்கு அதே வண்டியில்தான் வந்தாள். பீட்ரூட் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றியபடி கதை சொன்னாள்.

“காலிஷ்ல ஒரு மெக்கானிக் என்கிட்ட ஒரே சண்டை. இது அறுபதாயிரம்தான் ஓடின எஞ்சின், எவனோ மீட்டரை ஏத்தி வெச்சிருக்கான்னு சாதிக்கிறான். நான் விடுவேனா? எங்கப்பாவே தன் வாயால ஒத்துக்கிட்டாருய்யா, ஊருக்குத்தான் அவரு பொய் சொல்லுவாரு, என்கிட்ட சொல்லமாட்டாருன்னு சொல்லி அவன் வாயை அடைச்சேன்.”

ரோமன் கரண்டியைக் கீழே வைத்தார். தொண்டைவரை வந்த உண்மையைச் சூப்போடு சேர்த்து விழுங்கினார்.

“ஆமா, டாஷ்போர்டுல ஒரு எலுமிச்சை மிட்டாய் டப்பா இருந்துச்சே” என்றாள் மால்வினா. “அந்த ஜெர்மன்காரரோடதா? இப்பவாவது நிஜத்தைச் சொல்லுப்பா. விக்கும்போது அவர் என்ன பண்ணினாரு?”

ரோமன் மறுபடி கரண்டியை எடுத்தார்.

“சிரிச்சாரும்மா” என்றார். “தொல்லை விட்டுதுன்னு விழுந்து விழுந்து சிரிச்சாரு.”