மாலியிடம் பேசிக்கொண்டே வா

அந்த மின்சார மோட்டார் சைக்கிளை இட்வால் வாங்கியதே மாலிக்காகத்தான். பழைய பெட்ரோல் வண்டி போடுகிற கூச்சல் தன் மனைவி க்வெண்டாவின் குதிரைக்கு ஆகாது என்று அவனாக நினைத்துக்கொண்டான். உண்மையில் மாலிக்கு அந்தக் கூச்சல்தான் வசதி. வண்டி மலை ஏறும்போதே காதில் விழும், நிதானமாக ஒதுங்கி நின்றுகொள்ளும். புது வண்டி பூனை மாதிரி வந்தது. வசந்தம் தொடங்கிய சமயம், இரண்டு பக்கமும் முள்வேலி அடைத்த சந்தில், வாலுக்குப் பக்கத்தில் திடீரென்று எதையோ பார்த்த மாலி துள்ளிவிட்டது. க்வெண்டா விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்டாள்.

எலும்பு கூடிவிட்டது. ஆனால் அறுபது தாண்டிய உடம்பு. இன்னொரு தடவை மிரண்டால் மாலியை விற்றுவிடுவது என்று அவளே சொன்னாள். சொல்லிவிட்டு, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள்.

புது வண்டிக்கு மாலி பழகுமா என்று இன்று பார்த்துவிடுவதாக முடிவானது. சேணத்தில் ஏறி உட்கார்ந்த க்வெண்டா சொன்னாள்:

"தூரத்துலயே வேகத்தைக் குறைச்சிடு. நான் கை காட்டற வரைக்கும் பின்னாடியே இரு. அப்புறம் நல்லா ஒதுங்கி, நடக்கற வேகத்துல தாண்டு. தாண்டினதும் சர்ருன்னு முறுக்காதே."

"சரி."

"முக்கியமா, பேசிக்கிட்டே வா. வர்றது மனுஷன்னு அதுக்குத் தெரியணும்."

"ஹாரன் அடிக்கட்டுமா?"

"அடிச்சுத்தான் பாரேன். நான் நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"என்னத்தப் பேசறது?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து சேத்து வெச்சிருக்கியே, அதுல கொஞ்சம் எடுத்து விடு."

வாய் இருப்பது சாப்பிட மட்டும்தான் என்று நம்புகிற ஆள் அவன். பாட்டுக்குப் புகழ்பெற்ற வேல்ஸ் நாட்டுக்காரன் என்று பேர். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஊரே தொண்டை கிழியப் பாடும்போது, இவன் உதட்டை மட்டும் அசைப்பான்.

ஆரஞ்சுச் சட்டையோடு அவள் முன்னால் போனாள். கொஞ்சம் பொறுத்து இவன் கிளம்பினான்.

"ஹலோ," என்றான். மாலியின் காதுகள் விறைத்தன. பின்னங்கால்கள் நிலைகொள்ளாமல் தவித்தன.

"ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்குய்யா! மூஞ்சியில்லாத பூதம் மாதிரி வர்றே!"

தூக்கினான். "மாலி, நான்தான். இட்வால். மழை வரும்போல இருக்கு. ஆட்டுக்குட்டி ரெண்டு நொண்டுது..." அதற்குமேல் சரக்கு இல்லை. மாலி பக்கவாட்டில் நகர்ந்தது.

"நிறுத்தாதே!" க்வெண்டாவின் குரல் நடுங்கியது.

அந்த நடுக்கம் அவனை என்னவோ செய்துவிட்டது.

"அன்னிக்கு உன்மேல தப்பு இல்ல, மாலி. எல்லாம் என் தப்பு. அவ கண்ணைத் திறக்காமக் கெடந்தப்ப எனக்கு மூச்சே நின்னுபோச்சு. அவ இல்லாத வீட்டுல நான் என்ன பண்ணுவேன், நீயே சொல்லு. உன்மேல ஏறினா அவ சின்னப் பொண்ணா ஆயிடறா. தினமும் ஜன்னல்ல நின்னு பாப்பேன். கண்ணு எடுக்கத் தோணாது. அவகிட்ட சொல்லிடாதே."

மாலியின் ஒரு காது பின்பக்கம் திரும்பியது. தலை மெல்லத் தாழ்ந்தது. க்வெண்டா திரும்பிப் பார்க்காமலே கையை உயர்த்தினாள்.

வயல் வாசலருகே சந்து அகன்ற இடத்தில் அவன் நன்றாக ஒதுங்கி, ஊர்ந்து, பேச்சை விடாமல் தாண்டினான். தாண்டியும் முறுக்கவில்லை. வளைவு வரை அதே வேகத்தில் போய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தான்.

மாலி கழுத்தை நீட்டி வேலித் தழையைத் தின்றுகொண்டிருந்தது. க்வெண்டா கையுறையால் கண்ணைத் துடைத்தாள்.

"விக்க வேண்டாம்தானே?" என்றான் அவன்.

"அதெப்படி இப்பவே சொல்றது? இன்னும் சரியாப் பழகல. கீழ் வயலைச் சுத்திக்கிட்டுப் போய் மறுபடி பின்னாடியிருந்து வா."

"அது அசையவே இல்லையே, க்வெண்டா!"

"வான்னா வா," என்றாள் அவள். "இந்தத் தடவை இன்னும் தூரத்துலேருந்து ஆரம்பி."