விளையாட்டுச் சாமான்

அந்த அறையில் யாரும் தாம் கொண்டுவந்ததைக் கேமரா என்று சொல்வதில்லை. சுவரில் எங்கும் அப்படியொரு விதியை எழுதி ஒட்டியிருக்கவில்லை. விமான நிலையத்தின் சுங்கப் பிரிவில், சன்னல் இல்லாத அந்த நீள அறையில், ட்ரோனோடு பிடிபட்ட பயணிகள் வரிசையில் நிற்பார்கள். அதிகாரி தலை நிமிராமலே, "விளையாட்டுச் சாமானா?" என்பார். "ஆமா சார்" என்பார்கள். ஒரு மஞ்சள் அட்டை கட்டப்பட்டுச் சாமான் அலமாரிக்குப் போகும். ஊர் திரும்பும்போது அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். கேமரா என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டாலோ, அதைப் பறிமுதல் செய்தே ஆகவேண்டும். பின்னால் நிற்பவர்களின் பெட்டிகளையும் குடைந்தே ஆகவேண்டும். கேட்பவருக்கும் இது தெரியும், சொல்பவருக்கும் தெரியும். எனவே அதைப் பொய் என்று யாரும் கருதவில்லை. ஒருவகை மரியாதையாகவே கருதினார்கள்.

கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கும் படக்காரருக்கு இந்த மரியாதை புரியவே வெகுநேரம் பிடித்தது. அவர் சட்டத்தை நம்பி வந்தவர். மாதக்கணக்கில் மின்னஞ்சல் எழுதியிருந்தார். பறக்கவிடும் அனுமதியை விமானத் துறை உடனே கொடுத்துவிட்டது. ஆனால், உள்ளே கொண்டுவரும் அனுமதி தகவல் தொடர்புத் துறையின் பாடு என்றது. தகவல் தொடர்புத் துறையோ, கருவியை நாட்டுக்குள் கொண்டுவந்து நேரில் காட்டினால்தான் உள்ளே கொண்டுவர அனுமதிப்பது பற்றிப் பரிசீலிக்க முடியும் என்று பணிவோடு பதில் எழுதியது. அந்தப் பதிலைப் படித்த அன்று படக்காரர் சாப்பிடவில்லை.

"அப்பவே சொன்னேன், இந்தச் சனியன வீட்லயே வெச்சுட்டு வாடான்னு" என்றாள் கூட வந்திருந்த அக்கா.

"நீயா சொன்ன? மாப்பிள்ளை வீட்டு வரவேற்பையும் மேலேருந்து எடுத்துடு தம்பின்னு உயிர எடுத்தது யாரு?"

"ஆசைப்பட்டுச் சொன்னேன். அதுக்காக இப்படி நிக்க வெப்பாங்கன்னு கனவா கண்டேன்?"

முன்னால் நின்ற தொப்பிக்காரர் திரும்பிப் பார்த்தார். அடிக்கடி வந்து போகிறவர் போலிருந்தது. "தம்பி, அனுமதி கினுமதின்னு பேப்பரக் காட்டிடாதீங்க. விளையாட்டுச் சாமான்னு சொல்லுங்க, முடிஞ்சுது. போன தடவ ஒரு புண்ணியவான் உண்மையப் பேசினாரு. கார்டப் போட்டுப் பாத்து, அத மட்டும் அவர் கையில குடுத்துட்டு, மிஷின அவங்க வெச்சுக்கிட்டாங்க. அதோட விட்டாங்களா? எங்க எல்லார் பெட்டியையும் தலைகீழா கொட்டினாங்க."

அக்கா பேச்சை மாற்றினாள். "அது கிடக்கட்டும். சம்பந்தியம்மாவுக்குக் காட்ட வேண்டியது பத்திரமா இருக்கில்ல?"

படக்காரர் பையிலிருந்து மெமரி கார்டுகள் வைக்கும் சின்ன டப்பாவைத் திறந்தார். ஒரு குழி காலியாக இருந்தது.

பேட்டரி முனைகளுக்கு நாடா ஒட்டியது, அவற்றைக் கைப்பையில் தனியாக வைத்தது, இறக்கைகளைக் கழற்றித் துணியில் சுற்றியது எல்லாம் அவருக்கு நினைவுக்கு வந்தன. விதிமுறைகள் கேட்ட எதையும் அவர் மறக்கவில்லை. கார்டைப் பற்றி எந்த விதியும் பேசாததால், அது ட்ரோனுக்குள்ளேயே தங்கிவிட்டது. ட்ரோனோ, சோதனைக் கருவியருகே பிடுங்கப்பட்டு அதிகாரியின் மேசையில், எட்டாத தூரத்தில் கிடந்தது.

படக்காரரின் ஊரில் நடந்த அக்கா மகளின் கல்யாணத்துக்கு, இந்த நாட்டில் இருக்கும் மாப்பிள்ளையின் அம்மாவால் வர முடியவில்லை, விசா மறுத்துவிட்டார்கள். "எம்புள்ள மாப்பிள்ளையா நடந்து வர்றத மட்டும் நான் பாக்கணும். மத்ததெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க" என்று அவர் போனில் சொல்லியிருந்தார். கை கேமராக்கள் மண்டபத்துக்குள் நின்றதால், அந்த நடையை எடுத்தது ட்ரோன் ஒன்றுதான். கல்யாணம் முடிந்த கையோடு கிளம்பியதில் பிரதி எடுக்கவும் நேரமிருக்கவில்லை. நாளை காலை அவருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. இன்று மாலை பார்த்தால்தான் உண்டு.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா தலையில் கைவைத்தாள். "அந்தம்மாகிட்ட என்னன்னு சொல்லுவேன்? எந்தம்பி படம் கொண்டு வரல, பொம்ம கொண்டு வந்தான்னா?"

தொப்பிக்காரர் மரியாதை செலுத்திவிட்டு நகர்ந்தார். படக்காரரின் முறை வந்தது.

"விளையாட்டுச் சாமானா?"

"ஆமா சார்." குரல் அவருக்கே அந்நியமாக ஒலித்தது. "ஆனா அதுக்குள்ள ஒரு சின்ன சிப்பு இருக்கு. அத மட்டும் எடுத்துக்கட்டுமா?"

அதிகாரி முதன்முறையாக நிமிர்ந்தார். "பொம்மைக்கு எதுக்கு சிப்பு?"

"பாட்டுப் பாடும் சார்."

"பறக்கும்போதா?"

"ஆமா சார்."

"இங்க பறக்கவே கூடாது. அப்புறம் பாட்டு எதுக்கு?" அவர் மஞ்சள் அட்டையை எடுத்தார். குரலைத் தாழ்த்தி, "ஐயா, விளையாட்டுச் சாமான்னு சொன்னீங்க, நானும் கேட்டுக்கிட்டேன். நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார். அதில் கெஞ்சலும் இருந்தது.

பின்னாலிருந்து யாரோ உச்சுக்கொட்டினார்கள். "நகருங்கய்யா, புள்ள குட்டியோட நிக்கிறோம்."

அக்கா படக்காரரின் முழங்கையைப் பிடித்தாள். கோபம் முழுக்க வடிந்திருந்தது. "விடுடா. கேமரான்னு சொன்னா கார்டு கிடைக்கும், ஆனா மிஷின் போயிடும். அது போயிட்டா உம் பொழப்பு என்னாவும்? அந்தம்மாகிட்ட நான் பேசிக்கறேன். வாயால சொல்றேன், எப்படி நடந்து வந்தாருன்னு."

அவள் திட்டிக்கொண்டே இருந்திருந்தால் படக்காரர் ஒருவேளை நகர்ந்திருப்பார். வாயால் சொல்கிறேன் என்றதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சொன்னால் போதும் என்று இருந்திருந்தால், இத்தனை வருடங்களாக அவரை ஒருவரும் எந்தக் கல்யாணத்துக்கும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அதிகாரி நூலை முடிச்சிடக் குனிந்தார். படக்காரர் எட்டி அட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கட்டாதீங்க சார்" என்றார். வரிசையின் கடைசி ஆள்வரை கேட்டது. "இது விளையாட்டுச் சாமான் இல்ல. கேமரா."