ஹாலிஸ்டரை அனுப்பாதீங்க!

கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, விளையாட்டு வானொலிக்கு போன் போட்டுக் காத்திருந்தார் நார்பர்ட். வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் குளிர் எலும்பைக் குத்தியது. பஃபலோ நகரம் முழுக்க அந்த வாரம் ஒரே பேச்சு: ஹாலிஸ்டரை ஃப்ளோரிடா அணிக்குக் கொடுத்துவிடப் போகிறார்களாம். அவன்தான் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக். பந்து அவன் கையிலிருந்துதான் கிளம்பும், தோற்றால் பழியும் அவன் தலையில்தான் விழும். அவன் வீட்டு வாசலில் சாமான் லாரி நின்றதாம். அவன் மனைவி திரைச்சீலைகளைக் கழற்றினாளாம். துவைக்கக் கழற்றியிருப்பாள் என்று சொல்ல ஊரில் ஒருத்தருக்கும் மனசில்லை.

நார்பர்ட்டுக்கும் அந்த ஃப்ளோரிடாதான் தொண்டையில் முள். மகள் அங்கே வீடு பார்த்து வைத்திருக்கிறாள். மனைவி லொரெய்ன் போகலாம் என்கிறாள். இந்த வீட்டை விற்க நாளைக்குத் தரகர் வருகிறார். "பார்க்கலாம்" என்பதற்கு மேல் அவளிடம் அவருக்கு வாய் எழவில்லை.

"நார்பர்ட் அண்ணே, லைன்ல இருக்கீங்க. சொல்லுங்க!"

"அவன அனுப்பாதீங்கப்பா. தோள்பட்டை போச்சு, ஒத்துக்கறேன். ஆனா இங்க பெட்ரோல் போடப் போனாக்கூட பேரச் சொல்லிக் கூப்பிட நாலு பேர் இருக்காங்க. இந்த வயசுல புது ஊருக்குப் போயி யாரோட உக்காந்து பேசுவான்? வெயிலப் பாத்துக்கிட்டே செத்துப் போவான்!"

"அண்ணே, அவனுக்கு முப்பத்தாறுதான் ஆவுது!" தொகுப்பாளர் சிரித்தார். "மொதல்ல உங்க ரேடியோவ அணைங்க. நீங்க பேசறது திரும்பி வருது."

"நான் ரேடியோவே போடலயே."

அப்போதுதான் அவருக்கும் கேட்டது. சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம், சில நொடி பிந்தி, அவர் குரலே "செத்துப் போவான்" என்றது. விளையாட்டுப் பேச்சென்றாலே காத தூரம் ஓடுகிறவள் லொரெய்ன். இதை எத்தனை நாளாகக் கேட்கிறாள்? நார்பர்ட்டுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கதவு திறந்தது. லொரெய்ன் வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"நான் இவரு பொண்டாட்டி பேசறேன். எங்கிட்ட சொல்லாததெல்லாம் உங்ககிட்டதான கொட்டறாரு, அதான் தெனமும் கேக்கறேன். ஆளாளுக்கு ஹாலிஸ்டரப் பத்தி அளக்கறீங்களே, அவன் பொண்டாட்டிய யாராச்சும் கேட்டீங்களா? இத்தன வருஷம் இந்தப் பனியில உக்காந்து கை தட்டினவ. அவன் வாயத் தொறந்து வேணாம்னு சொன்னா அவளும் இருந்துக்குவா. ஆனா அவளுக்குக் காலைல வெரல் மடங்க மாட்டேங்குது. காபிக் கோப்பைய ரெண்டு கையால புடிக்கறா. அது அவனுக்குத் தெரியுமா?"

லொரெய்ன் போனை அவரிடம் நீட்டினாள். உள்ளே ரேடியோவில் அவள் குரல் பின்தங்கி வந்துகொண்டிருந்தது. "...காபிக் கோப்பைய ரெண்டு கையால புடிக்கறா. அது அவனுக்குத் தெரியுமா?"

தெரியாது. தினமும் எதிரில் உட்கார்ந்து காபி குடித்தவர்தான். நார்பர்ட் எழுந்து போனை வாங்கி வாளிமேல் வைத்துவிட்டு, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவ ஆரம்பித்தார். வீங்கிய கணுக்களைத் தொட்டபோது அவள் முகம் சுளித்தாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஹலோ," என்றது போன். "ரெண்டு பேரும் இருக்கீங்களா?"