ஜுசிலெய்டியின் தெரியாத கடை

போசோ ரசோ ஊரில் ஜுசிலெய்டியின் மரவள்ளி ரொட்டிக் கடை ஒரு செவ்வாய்க்கிழமை காலை கண்ணுக்குத் தெரியாமல் போனது. அடுப்பு எரியும் வாசனை வந்தது, தேங்காய் துருவும் சத்தம் கேட்டது, கடையைத்தான் காணோம். அந்த வாரம் மாவு விலை ஏறியிருந்தது. ஊர் அதைத்தான் பேசியது.

ஏழைக் குடும்பங்களுக்கு அரசு மாதாமாதம் போடும் பணம் வந்த பிறகுதான் அவளுக்குக் கடை போடும் துணிச்சலே வந்தது. ரொட்டி விற்காவிட்டாலும் பிள்ளைகள் பட்டினி கிடக்க மாட்டார்கள். பிரேசிலின் அந்த வறண்ட பக்கத்தில் மழையை நம்பி எவன் கடை போடுவான்? ஆனால் கடை ஓடுவது தெரிந்தால் பணம் நிற்கும். பணம் நின்றால் அடுத்த வறட்சியில் கடையும் நிற்கும். கொடுக்கிறவன் எவனும் சும்மா கொடுப்பதில்லை. விசாரிக்க அதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டதும், ஊர் வழக்கப்படி அந்தோணியார் சிலையைத் தண்ணீர்ப் பானைக்குள் தலைகீழாக நட்டாள். கேட்டதைக் கொடுத்தால்தான் அவரை நிமிர்த்துவார்கள். மற்றவர்கள் மாப்பிள்ளை கேட்பார்கள். இவள் கடையை மறைக்கச் சொன்னாள்.

அதிகாரி வந்தார், வெறும் மண்ணைப் பார்த்தார், போனார்.

"கேட்டதுதான் கெடச்சிருச்சுல்ல, பாவம், அவர எடுத்து விடுடி" என்றாள் பக்கத்து வீட்டு டோரலிசி.

"எடுத்தா கடை தெரியும்க்கா. அந்த ஆளு மறுபடி வருவானே?"

"அதுவரைக்கும் மூச்சு முட்டிக்கிட்டா கெடப்பாரு?"

"நாம கெடக்கல?"

வருடங்கள் போயின. ஜனங்கள் வாசனை பிடித்து வந்து காற்றில் காசை நீட்டினார்கள். காற்றிலிருந்து சூடாக ரொட்டி வந்தது. இரண்டாவது அடுப்பு வைத்தாள். ஆசைப்பட்டு, தன் பெயரை நீலத்தில் எழுதிப் பலகை மாட்டினாள். ஆணியில் ஏறியதும் அதுவும் மறைந்தது. பிறகு அவள் கைகளும் முழங்கை வரை தெரியாமல் போயின. வளையலைக் கழற்றி மகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஒரு வறட்சி வருடம் அதே அதிகாரி நரைத்த தலையோடு, மத்தியானப் பசியில் வந்து நின்றார்.

"தேங்கா போட்டு ஒண்ணு குடுங்கம்மா."

ரொட்டி வந்தது. தின்று முடித்து வாயைத் துடைத்தார்.

"இங்க கடை கிடை ஏதும் இருக்கா?"

"உங்க கண்ணுக்குத் தெரியுதா?"

"இல்லையே" என்று சொல்லி அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அன்று லாரித் தண்ணீர் வீட்டுக்கு இரண்டு குடம்தான். அதில் ஒரு செம்பு எடுத்து, அந்தோணியாரின் பானையில் குறைந்திருந்த அளவுக்கு ஊற்றிவிட்டு, அவள் மாவு சலிக்க உட்கார்ந்தாள்.