இடப்பக்கத்துச் சுவர்

இலக்குத்தாளைப் பலகையிலிருந்து உருவிப் பயிற்சியாளர் என் கையில் கொடுத்தபோது, பத்துத் துளைகளும் மழைக்கு ஒதுங்கியவர்கள் போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. மூன்று விரல்களை வைத்து எல்லாவற்றையும் மூடிவிடலாம். ஆனால் அவை ஒதுங்கிய இடம் நடுவட்டம் அல்ல. அதற்கு இடது பக்கம், கொஞ்சம் கீழே.

"கை ஆடல. மூச்சு சரியா இருக்கு. விரல் வெண்ணெய் மாதிரி இழுக்குது," என்றார் பயிற்சியாளர். "அப்புறம் ஏம்மா இங்க வந்து குந்துது?"

அதே துப்பாக்கியால் எனக்கு முன்னால் சுட்டவர் நடுவட்டத்தைச் சல்லடையாக்கிவிட்டுப் போயிருந்தார். ஆகவே துப்பாக்கியைக் குறை சொல்ல வழியில்லை. "கொஞ்சம் வலது பக்கமா தள்ளிக் குறிபார்த்தா சரியாயிடுமா சார்?" என்று கேட்டேன்.

"சட்ட கோணலா இருக்குன்னு ஒடம்பக் கோணிக்கிட்டு நடப்பீங்களா? காரணத்தக் கண்டுபிடிங்க. இன்னும் ஒரு தடவதான் இருக்கு. சனிக்கிழம."

வங்கிகளுக்கும் கடைகளுக்கும் பணப்பெட்டி கொண்டு போகும் வண்டியில் நான் ஆயுதக் காவலாளி. எட்டு வருடமாகிறது. இந்த எட்டு வருடத்தில் வேலையில் ஒருமுறைகூடத் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்த்ததில்லை. அது என் தோளில் தொங்குவதே வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சுட்டுக் காட்டித் தேற வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு, அலுவலக வாசலில் வருகிறவர்களின் பையைத் திறந்து பார்க்கும் வேலைக்குப் போட்டுவிடுவார்கள். அதுவும் வேலைதான். ஆனால் வண்டியின் பின்கதவு திறக்கும் அந்த இரண்டு நிமிடங்கள், தெரு முழுவதும் என் கண் ஒன்றை நம்பி இருக்கிறது என்கிற நினைப்பு, அதை என்னிடமிருந்து எடுத்துவிட்டால் நான் எப்படி நிற்பேன், எப்படி நடப்பேன் என்று எனக்கே தெரியாது. வீட்டில்கூட நான் அப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

இதற்குள் இன்னொன்றும் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்பு ஒரு காய்ச்சல் வந்து போனபோது என் இடது காதின் கேட்கும் திறனைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இது என் கணவருக்குத் தெரியும். வேறு யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் மருத்துவச் சோதனை, கடிதம், கையெழுத்து என்று கிளம்பும். கடைசியில் பை திறந்து பார்க்கும் வேலையில் கொண்டுபோய் விடும். வலது காது இருக்கிறது, அது போதும் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். ஒரு விஷயத்தை மறைக்க ஆரம்பித்தால் முதலில் அது நமக்கே மறைந்துபோகிறது என்பது இப்போதுதான் தெரிகிறது.

வெளியே வண்டியோடு காத்திருந்த டிரைவர், கம்பி வேலிக்கு வெளிப்பக்கம் நின்று பார்த்திருக்கிறார். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். மூன்று வருடமாக எங்கள் வண்டியை ஓட்டுகிறவர். நான் ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருகாமல் சொன்னார்.

"அக்கா, துப்பாக்கி சாயுது."

"எங்க சாயுது?"

"எடது பக்கமா. பின்னாலேருந்து பாத்தா நல்லாத் தெரியுது. ஒரு பக்க டயர்ல காத்து எறங்குன வண்டி மாதிரி."

"பக்கத்துலயே நின்ன சாருக்குத் தெரியாதது வேலிக்கு அந்தாண்ட நின்ன உங்களுக்குத் தெரிஞ்சுதாக்கும்."

"சாரு பக்கவாட்டுல நின்னு உங்க வெரலத்தான் பாத்தாரு. முதுகுப்பக்கம் நான்தானே நின்னேன்."

எனக்குக் கோபம் வந்தது. குறிமுனை என் கண்ணுக்கு நட்ட கம்பம் போல நேராகத்தான் தெரிந்தது. அதன் மேல் சத்தியம் செய்யக்கூட நான் தயார். வழியெல்லாம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். அவர் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். என் கோபத்துக்கு அவர் எப்போதும் அப்படித்தான் வழிவிடுவார், ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குவது போல.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கணவரிடம் சொன்னேன். அவர் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர். கேட்டுவிட்டுத் தரை துடைக்கும் கட்டையை எடுத்து வந்தார். தன் பையிலிருந்து, தரை சமமா என்று பார்க்கும் சின்ன ரசமட்டத்தை எடுத்து, அந்தக் கட்டையின் மேல் குறுக்காக வைத்து, பழைய சைக்கிள் டியூப் துண்டால் கட்டினார். "எதிர் சுவத்துல அந்த சுவிட்ச குறிபாரு" என்றார். பார்த்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் பச்சைத் தண்ணீரில் இருந்த குமிழ் நடுக்கோட்டை விட்டு வலது பக்கம் ஓடி, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

"ரசமட்டம் கெட்டுப்போச்சு," என்றேன்.

"இருபது வருஷமா எனக்குச் சோறு போடுது. அதப் பழி சொல்லாத." அவிழ்த்து, முனைக்கு முனை திருப்பிக் கட்டினார். மறுபடி குறிபார்த்தேன். குமிழ் மறுபடியும் அதே வலது பக்கம்தான் போனது. "கெட்ட ரசமட்டம்னா திருப்பினதும் மாத்திச் சொல்லும். இது ஒரே பேச்சு பேசுது. நீதான் எடது பக்கம் சாயிற." பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "கட்டிக்கிட்ட பொண்டாட்டிக்கே மட்டம் பாக்கற நெலம எவனுக்கும் வந்திருக்காது," என்றார்.

சிரிப்பு வந்தது. சிரித்து முடித்து, மூச்சை விட்டு, மறுபடி கட்டையைத் தோளில் வைத்தேன். இந்த முறை அவர் பேசாமல் நின்றார். குமிழ் மெல்ல மெல்ல நடுவுக்கு வந்து நின்றது. "ம், இப்ப சரி," என்றார் பின்னாலிருந்து. சொல்லி முடிப்பதற்குள் குமிழ் ஓடிவிட்டது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நான் பேசினா ஓடுது," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "துப்பாக்கி சாயலடி. நீ காதுகொடுக்கற," என்றார்.

பயிற்சித் திடலில் பயிற்சியாளர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே 'தயார்', 'சுடலாம்', 'நிறுத்து' என்பார். நிறுத்து என்ற பிறகு ஒரு குண்டு போனாலும் ஆளை அந்த இடத்திலேயே வெளியே அனுப்பிவிடுவார். இரண்டு வருடத்துக்கு முன்பு நான் தேறிய அன்று, எனக்குப் பின்னால் சுட்ட ஒருவரை அப்படி அனுப்பியதைப் பார்த்ததிலிருந்து அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு சொல்லைத் தவறவிடக் கூடாதே என்று, காதடைப்பான்களையும் மீறி, என் தலை இடது தோள் பக்கம் சரிந்து வலது காதை மேலே தூக்கிப் பிடித்திருக்கிறது. தலை சாய்ந்ததும் துப்பாக்கி தலையோடு போயிருக்கிறது. இரண்டும் சேர்ந்து சாய்ந்தால் உள்ளேயிருந்து பார்க்கிறவளுக்கு எல்லாம் நேராகத்தானே தெரியும்? நான்கு வருடமாக எத்தனை பேர் முன்னால், எத்தனை பேச்சுக்கு, இப்படிச் சாய்ந்து நின்றிருப்பேன்! கடைக்காரர் முன்னால், பேருந்தில் டிக்கெட் கொடுப்பவர் முன்னால். யாரும் எதுவும் கேட்டதில்லை. யாருக்கும் தெரியவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மதியம் நான்காவது நிறுத்தம், பெரிய துணிக்கடையின் பக்கச் சந்து. எங்கள் டிரைவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. எங்கே நிறுத்தினாலும் தன் பக்கத்துக் கதவு சுவரோடு ஒட்டும்படி நிறுத்துவார். முன்னால் போய், பின்னால் வந்து, பின்னால் வருகிறவர்களிடம் வசவு வாங்கி, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லாமல் கொண்டுபோய்ச் செருகுவார். பிறகு இறங்க வேண்டுமென்றால் என் இருக்கையைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட்டு என் கதவு வழியாகத்தான் இறங்க வேண்டும். பெட்டி தூக்குகிற அண்ணன் இதைச் சொல்லாத நாள் இல்லை. "சொந்தக் கதவு இருந்தும் அடுத்தவங்க கதவுல எறங்கற டிரைவர உலகத்துல எங்கயும் பாக்க முடியாது." நானும் சிரித்திருக்கிறேன். அவசர நாட்களில் சலித்துக்கொண்டும் இருக்கிறேன்.

அன்று சுவரோரத்தில் ஒரு லாரி சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் அகலமாக இடம் காலியாக இருந்தது. டிரைவர் அங்கே நிறுத்தவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். லாரி நகரவில்லை. இன்னொரு சுற்று.

"யப்பா, கோயில் பிரகாரமா இது? அங்கதான் எடம் இருக்கே," என்று பின்னாலிருந்து கத்தினார் பெட்டி அண்ணன்.

"இருங்கண்ணே, லாரி கெளம்பிடும்."

லாரி கிளம்பியது. அவர் சுவரோடு ஒட்டினார். நான் இறங்கி, பின்கதவுக்குப் போய், தெருவைப் பார்த்துத் திரும்பி, எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். என் இடது தோளுக்கு ஒரு கை தூரத்தில் சுவர். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பூனைகூட வர முடியாது. வருகிற எல்லாமும், ஆள், வண்டி, சத்தம், என் வலது பக்கமாகத்தான் வந்தாக வேண்டும்.

மூன்று வருடம். ஒரு நாளைக்கு ஏழு நிறுத்தம்.

பெட்டி அண்ணன் பின்கதவைப் பூட்டிவிட்டுக் கடைக்குள் போயிருந்தார். நான் முன்பக்கம் போய் என் பக்கத்து ஜன்னலோரம் நின்றேன்.

"தம்பி, உங்களுக்கு எப்பத்துலேருந்து தெரியும்?"

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த தூசியைக் கட்டைவிரலால் தேய்த்தார். "மொத மாசமேக்கா. மருந்துக்கட கிட்ட ஒரு ஸ்கூட்டர்காரன் உங்க எடது காதுக்குள்ளயே வந்து ஹாரன் அடிச்சான். நீங்க அசையல. பெட்டி அண்ணன்தான் எகிறிக் குதிச்சாரு."

"ஏன் கேக்கல?"

"கேட்டா இல்லைன்னு சொல்லியிருப்பீங்க. அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு இந்தப் பக்கமா நிறுத்தறது?"

நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல் அப்போது மிகவும் சின்னதாக இருந்தது, குழந்தையின் செருப்பில் பெரியவர் காலை நுழைக்கப் பார்ப்பது போல. "எறங்கி வந்து கால நீட்டுங்க, நான் தள்ளி நிக்கறேன்," என்று மட்டும் சொல்லி என் கதவை அகலத் திறந்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே வழக்கம்போல் காலைத் தூக்கிப் போட்டு இறங்கினார்.

சனிக்கிழமை பயிற்சியாளர் பெயர்ப் பட்டியலைப் பார்த்து, "நீங்க நாலாவது எடம்," என்றார். நான் நகரவில்லை. மூன்று நாட்களாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வாக்கியங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாசலில் முட்டிக்கொண்டன. கடைசியில் வந்தது இவ்வளவுதான். "சார், எனக்கு எடது காது கேக்காது. மொத எடம் குடுங்க. எடது பக்கம் சுவரு இருக்கும். நீங்க வலது பக்கமாத்தான் வருவீங்க."

அவர் பட்டியலை மடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைச் சாய்க்காமல் நின்றேன். அது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கவில்லை.

"அதனாலதான் சாச்சுப் பிடிச்சீங்களா?" என்றார். பிறகு ஒரு துப்பாக்கியை எடுத்துத் தன் கையில் கிடையாகப் பிடித்துக் காட்டினார். "குண்டு போகப் போகக் கீழ எறங்கும். அதுக்காகக் கொழல் கொஞ்சம் மேல பாத்த மாதிரி வெச்சிருக்காங்க. நேராப் பிடிச்சா ரெண்டும் ஈடாயிடும். சாச்சுப் பிடிச்சா மேல போக வேண்டியது பக்கத்துல போயிடும், கீழ எறங்கறது எறங்கிக்கிட்டே இருக்கும். இத நான் பாத்திருக்கணும். வெரலயே பாத்துக்கிட்டு நின்னேன். தப்பு என் மேலயும் இருக்கு." துப்பாக்கியை என்னிடம் நீட்டினார். "மொத எடத்துக்குப் போங்க. நிறுத்துன்னு சொல்லும்போது உங்க வலது தோள்ல ஒரு தட்டு தட்டறேன். நீங்க எதையும் கேக்க வேணாம். சுட்டாப் போதும்."

நீங்கள் எதையும் கேட்க வேண்டாம். நான்கு வருடத்தில் யாரும் எனக்கு இவ்வளவு பெரிய ஓய்வைக் கொடுத்ததில்லை. காதடைப்பானை மாட்டினேன். உலகம் தூரமாகப் போனது. போகட்டும் என்று விட்டேன். துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தை வைத்தபோது, குறிமுனையின் மேல் ஒரு பச்சைக் குமிழை மனதால் வைத்தேன். அது வலது பக்கம் கொஞ்சம் அலைந்தது. கழுத்தை நிமிர்த்தினேன். எல்லாமே கோணலாகத் தெரிந்தது. இதுதான் நேர் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. குமிழ் நடுவுக்கு வந்தது. நின்றது. விரலை இழுத்தேன்.

பத்தாவது குண்டு போய்க் கொஞ்ச நேரத்தில் வலது தோளில் ஒரு தட்டு விழுந்தது. கதவைத் தட்டுவது போல, மெதுவாக.

தாளைக் கொண்டுவந்தார்கள். ஒன்பது துளைகள் நடுவட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தன. ஒன்று மட்டும் பழைய வீட்டை மறக்க முடியாமல் இடது பக்கம் போயிருந்தது. "தேறிட்டீங்க," என்றார் பயிற்சியாளர். பிறகு படிவத்தின் அடியில், குறிப்பு என்று போட்டிருந்த கட்டத்தில், குனிந்து ஏதோ எழுத ஆரம்பித்தார். நீளமாக எழுதினார். ஒரு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். என்னவென்று எட்டிப் பார்க்க முடிகிற தூரம்தான். நான் பார்க்கவில்லை. அலுவலகம் அதைப் படித்துவிட்டு என்ன செய்யும் என்று தெரியாது. நான் சொன்னது உண்மை, அவர் எழுதுவதும் உண்மையாகத்தான் இருக்கும் என்பது மட்டும் தெரிந்தது. அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

தாளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சனிக்கிழமை என்பதால் வண்டிகள் நிறுத்தும் மைதானம் வெறிச்சென்று கிடந்தது. அந்த வெயிலில் ஐம்பது வண்டிகள் நிற்கலாம், எங்கள் வண்டியைத் தவிர ஒன்றுகூட இல்லை. பெட்டி கிடையாது, இறக்க வேண்டிய சரக்கு கிடையாது, காவல் காக்க எதுவும் கிடையாது. அவ்வளவு பெரிய மைதானத்தின் ஒரு மூலையில், மதிலோடு மதிலாக, ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறக்க வழியில்லாமல், எங்கள் வண்டி நின்றிருந்தது. என்னைப் பார்த்ததும் டிரைவர் என் இருக்கையின் மேல் காலைத் தூக்கிப் போட்டு இறங்க ஆரம்பித்தார்.