அண்ணனுக்கு வந்த பொடி

அண்ணி பொடி கலந்த டம்ளரை நீட்டினாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"வாயை மூடிட்டுக் குடிண்ணா," என்றேன்.

"வாயை மூடிட்டு எப்படிடி குடிக்கிறது?"

இடுப்பில் பேண்ட் நிற்காத நிலையிலும் கிண்டல் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஆராய்ச்சி செய்வதே இதைத்தான்: புற்றுநோய் வந்தவர்களுக்கு, என்ன சாப்பிட்டாலும் தசை ஏன் கரைகிறது? அதைத் தடுக்க ஓர் அமினோ அமிலப் பொடியை எங்கள் ஆய்வகம் சோதிக்கிறது. பாதிப் பேருக்கு நிஜப் பொடி, மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே ருசியில் வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. இந்த விதியைப் பற்றி வகுப்பில் வாய் கிழியப் பேசுபவள் நான். அண்ணனை இந்தச் சோதனையில் சேரச் சொன்னதும் நானேதான்.

அண்ணி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இவருக்கு மாவுதான் வந்திருக்கு. இல்லன்னா இப்படி உருகுவாரா? உன்கிட்ட மிஷின் இருக்கு. பார்த்துச் சொல்லு, நிஜத்தைக் கேட்டு வாங்கிடலாம்."

"கண்டுபிடிச்சா வேலை போயிடும் அண்ணி."

"போகட்டுமே!"

போகட்டும் என்றுதான் எனக்கும் தோன்றியது. அண்ணன் பொடியைக் குடித்துச் சற்று நேரம் கழித்து நானே ரத்தம் எடுத்தேன். கடவுளே, மாவாக இருக்கட்டும். மாவென்றால் கொடுத்துப் பார்க்க இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது.

மறுநாள் ஆய்வகத்தில் எல்லோரும் சாப்பிடப் போனபோது அந்த ரத்தத்தைக் கருவியில் போட்டேன். திரையில் அந்த அமினோ அமிலத்தின் கோடு உச்சிக்குப் போய் நின்றது.

நிஜப் பொடி. முதல் நாளிலிருந்தே நிஜப் பொடிதான். குடல் ஒழுங்காக உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பியிருக்கிறது. அப்படியும் அண்ணன் கரைந்துகொண்டே இருக்கிறான். இத்தனை வருடம் படித்து என்ன பிரயோஜனம்? ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன்.

அண்ணி போன் செய்தாள்.

"மாவுதானே?"

குரலில் அத்தனை ஆசை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"சொல்லேன்!"

"ஆமா அண்ணி. மாவுதான்."

"அப்பாடா!" போனோடு உள்ளே ஓடினாள். "என்னங்க, நீங்க இன்னும் மருந்தே குடிக்க ஆரம்பிக்கலையாம்!"

அண்ணன் போனை வாங்கினான்.

"நிஜத்தை எப்போடி கொண்டு வருவ?" என்றான். அதில் கிண்டலே இல்லை.