ஒரே கயிற்றில் இரண்டு பேர்

லீஸ்பெத்தின் வெள்ளைத் தொப்பி சமையலறை அலமாரியின் உச்சியில் ஒரு வாரமாகக் காத்திருந்தது. அம்மா முன்கூட்டியே வாங்கிவிட்டாள். பள்ளி முடித்தவர்கள் அணியும் தொப்பி; கடைசித் தேர்வும் தேறினால்தான் அது தலைக்கு ஏறும். பாக்கி இருந்தது இயற்பியல் வாய்மொழித் தேர்வு மட்டும். அவளுக்கு உதறல் எடுத்ததும் அதில்தான்.

"படிச்சது எதுவுமே மண்டையில நிக்கலடா."

வகுப்புத் தோழன் அஸ்கர், அவள் வீட்டுக் கறுப்பு ரொட்டியில் அவள் வீட்டு ஈரல் விழுதைத் தாராளமாகத் தடவிக்கொண்டிருந்தான்.

"புத்தகத்த மூடு. நகர மண்டபக் கோபுரத்து உச்சியில நாம ரெண்டு பேரும் நிக்கிறோம். நான் ஒல்லி. நீ..."

"சொல்லு, சொல்லித்தான் பாரேன்."

"நீ நல்லா சாப்பிடுறவ. சேர்ந்து குதிக்கிறோம். யாரு வேகமா விழுவா?"

"நான்தான். கனம் ஜாஸ்தியாச்சே."

"சரி, இப்ப ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டியாச்சு."

"நீ மெதுவா வந்து என்னையும் பின்னால இழுப்ப. எப்பவும் போல."

"அப்ப உன் வேகம் குறையுது. ஆனா ரெண்டு பேரும் சேர்ந்தா கனம் இன்னும் கூடுதே, வேகமும் கூடணுமே?"

லீஸ்பெத் ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"குறையறதும் கூடறதும் எப்படிடா ஒண்ணா நடக்கும்?"

"நடக்காது. அப்ப எங்க தப்பு?"

"கனமானது வேகமா விழும்னு நான் சொன்னதுதான் தப்பு. காத்து இல்லேன்னா எல்லாம் ஒரே வேகம்."

"அதக் கண்டுபிடிக்க என்னக் கொன்னுட்டியேடி."

தேர்வன்று மேசையின் பச்சை விரிப்பின் மேல் கவிழ்ந்துகிடந்த கேள்விச் சீட்டுகளில் ஒன்றை எடுத்தாள். தடையற்ற வீழ்ச்சி. ஒரு சூத்திரம்கூட வாயில் வரவில்லை. எதிரே ஆசிரியர் ராவ்ன், குச்சி மாதிரி. பக்கத்தில் மதிப்பெண் போட வந்த வெளியூர்த் தேர்வாளர், நாற்காலி நிறைய. கோபுரம் மட்டும் கண் முன்னே நின்றது. அஸ்கர் பெயரை இங்கே எப்படிச் சொல்வது?

"உங்க ரெண்டு பேரையும் ஒரே கயித்துல கட்டிக் கோபுரத்துல இருந்து தள்ளிவிடுறேன்னு வச்சுக்குங்க" என்று ஆரம்பித்துவிட்டாள்.

ராவ்ன் கையிலிருந்த பேனா உருண்டது. தேர்வாளர் முன்னால் சாய்ந்தார். "மேல சொல்லுங்க. யாரு முதல்ல கீழ வர்றா?"

"யாருமில்ல. சேர்ந்துதான்."

"நான் இவர முந்த மாட்டேன்னா என் மனைவி நம்ப மாட்டா. சரி, காத்து இருந்தா?"

"அப்ப, மன்னிக்கணும், நீங்க முந்திடுவீங்க."

பதின்மூன்றுக்கு ஒன்பது மதிப்பெண். தேறிவிட்டாள். கோபுரம் என்று அவள் ஆரம்பித்ததுமே, வாசலில் அவள் தொப்பியோடு நின்ற அஸ்கர், "யாரத் தள்ளின?" என்று கேட்டான். அவள் சொன்னதைக் கேட்டு முடித்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தொப்பியின் உள்துணியில் நண்பர்கள் எழுதுவது வழக்கம். 'விழுந்தா ஒண்ணாத்தான்' என்று எழுதி அவள் தலையில் கவிழ்த்தான்.

அஸ்கர் முப்பத்தெட்டு வருடம் அவள் கணவனாக இருந்து இந்தக் கதையைச் சொன்னபோதெல்லாம், தேர்வாளரின் எடையில் பத்துக் கிலோ கூட்டிக்கொண்டே போனான். தொப்பியில் அந்த மை இன்னும் அழியவில்லை. காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் ஒல்லியானவன் பின்னால்தான் வந்திருக்க வேண்டும்; ஆனால் அவன் முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். அவனைக் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான் அவளிடம் மிச்சம்.